சில்லுக்குள் மிச்சமிருக்கும் வேகம்

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற பிராசஸரை 149 டாலர் விலையில் வெளியிட்டது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு அதே நிறுவனத்தின் உச்சகட்ட பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் விலையோ பல மடங்கு. மதர்போர்டிலிருந்து பிராசஸருக்கு வரும் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். அதை 4.5 ஆல் பெருக்கி 300 ஆக்கிக்கொள்வது செலரானின் ஏற்பாடு. அந்த 4.5 என்ற எண்ணை இன்டெல் பூட்டிவிட்டது. ஆனால் அடிப்படைத் துடிப்பு மதர்போர்டின் கையில் இருந்தது. 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட போர்டில் அதை 100 ஆக மாற்றினால், 4.5 ஆல் பெருக்கி வருவது 450. பெரும்பாலான செலரான்கள் அந்த வேகத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடின. 128 கிலோபைட் கேஷ் நினைவகம் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் இயங்கியதால் கேம்களில் பென்டியம் 2-க்கு ஈடுகொடுத்தன.

ஓவர்கிளாக்கிங் என்றதும் இன்றும் பலர் நினைப்பது இந்தக் கணக்கைத்தான். மலிவான சில்லை வாங்கி, ஒரு எண்ணை மாற்றினால் ஐம்பது சதவீத வேகம் இலவசம். முதன்முதலாகக் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கும் கல்லூரி மாணவர் இதே நினைப்போடு பாகங்களைத் தேர்ந்தெடுத்தால், கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி பயன் தராத இடத்துக்குப் போய்விடும். மிச்ச வேகம் இன்றும் சில்லுக்குள் இருக்கிறது. அது ஒளிந்திருக்கும் இடம் மாறிவிட்டது.

முதலில், அந்த மிச்சம் எப்படி வந்தது? ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டியெடுக்கும் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. சில குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும், சில தள்ளாடும். தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்து வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில் விற்கிறார்கள். நல்ல சில்லுகள் அதிகமாக விளைந்து, மலிவான ரகத்துக்குத் தேவை அதிகமாக இருந்தால், நல்ல சில்லுக்கே மலிவான பெயரை ஒட்டுவார்கள். 300ஏ அப்படிப்பட்ட காலத்துப் பிள்ளை.

2008-இல் இன்டெல்லின் நெஹலம் தலைமுறையோடு டர்போ பூஸ்ட் வந்தது. அதன்பிறகு பிராசஸர் தன் வெப்பத்தையும் தான் இழுக்கும் மின்சாரத்தையும் தானே அளந்து, இடம் இருந்தால் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளப் பழகிவிட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் ஏஎம்டி ரைசன் 5 7600-இன் அடிப்படை வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். நாம் எதையும் தொடாமலே அது 5.1 வரை போகும். அதாவது, 1998-இல் நாம் செய்த வேலையை இன்று தொழிற்சாலையே செய்து அனுப்புகிறது. அதற்கு மேல் கையால் தள்ளினால் கிடைப்பது 2, 3 சதவீதம். அந்த 2, 3 சதவீதத்துக்காக நாம் கொடுக்கும் விலை என்ன என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும்.

சில்லு எரிக்கும் மின்சாரம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கிளாக் வேகம், மின்னழுத்தத்தின் வர்க்கம். வேகத்தை 5 சதவீதம் கூட்ட, மின்னழுத்தத்தை 10 சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தால், 1.05 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1. விடை 1.27. ஐந்து சதவீத வேகத்துக்கு 27 சதவீதம் கூடுதல் வெப்பம். இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் 5 சதவீதம் குறைத்தால் 0.95 பெருக்கல் 0.95, வெப்பம் பத்து சதவீதம் குறைகிறது. வெப்பம் குறைந்தால் டர்போ ஏற்பாடு தானே மேல் வேகத்தில் நீண்ட நேரம் நிற்கும்.

இன்றைய மிச்சம் அங்கேதான் இருக்கிறது. ஒரே பெயரில் விற்கும் லட்சக்கணக்கான சில்லுகளில் மிகச் சோம்பேறியான சில்லுகூடத் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக, எல்லாவற்றுக்கும் சற்றுத் தாராளமான மின்னழுத்தத்தை நிறுவனம் நிர்ணயிக்கிறது. உங்கள் கைக்கு வரும் சில்லுக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே முதன்முறை ஓவர்கிளாக் செய்பவருக்கு நான் சொல்வது இது: வோல்டேஜை ஏற்றிச் சண்டை போடாதீர்கள், இறக்கி வேகத்தை வாங்குங்கள். பாகங்களையும் அதற்கேற்றபடி தேர்ந்தெடுங்கள்.

பாகங்களில் முதலிடம் கிராபிக்ஸ் கார்டுக்கு. 1920-க்கு 1080 திரையில் ஒரு காட்சிக்கு 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 காட்சி வேண்டுமென்றால் ஒரு காட்சியை முடிக்க 16.7 மில்லிநொடிதான் அவகாசம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 6.9 மில்லிநொடி. அந்த அவகாசத்துக்குள் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது என்று பிராசஸர் கணக்குப் போட்டுக் கொடுக்க, அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. பெரும்பாலான கேம்களில் மூச்சு முட்டுவது இரண்டாவது ஆளுக்குத்தான். மொத்தப் பணத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரே மாடல் பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகை கிடைக்கிறபோது, எட்டு ஜிபி இப்போதே பல புதிய கேம்களுக்கு இறுக்கமாகிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். நினைவகம் போதாமல் திணறும் கார்டை எந்த ஓவர்கிளாக்கும் காப்பாற்றாது.

பழைய கார்டு வாங்கலாமா? தாராளமாக. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் கிரிப்டோ சுரங்கங்களில் ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றில் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்ந்திருப்பது ஃபேன், காய்ந்திருப்பது தெர்மல் பேஸ்ட். கடையிலேயே கால் மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பிராசஸருக்கு வருவோம். இன்டெல்லில் பெயரின் முடிவில் ‘கே’ எழுத்து உள்ள ரகத்துக்குத்தான் பூட்டு திறந்திருக்கும். அதையும் இசட் வரிசை சிப்செட் போர்டில் மாட்டினால்தான் பயன். பி760 போர்டில் ரேம் வேகத்தைக் கூட்டலாம், பிராசஸர் வேகத்தைக் கூட்ட முடியாது. ‘கே’ ரகப் பெட்டியில் கூலரும் வராது. ஆக, கூடுதல் விலைப் பிராசஸர், கூடுதல் விலை போர்டு, தனியாக ஒரு பெரிய கூலர். மூன்றும் சேர்ந்து விழுங்கும் தொகையில் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி உயர்த்தியிருக்கலாம். ஏஎம்டியில் ரைசன் வரிசையில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டே கிடையாது. பி550, பி650 போன்ற நடுத்தர விலை போர்டுகளே அமைப்புகளைத் திறந்து கொடுக்கின்றன. ஏ620 போன்ற அடிமட்ட போர்டுகளில் மட்டும் பிராசஸர் ஓவர்கிளாக்கிங் இல்லை. பணம் இறுக்கமாக இருப்பவருக்கு ரைசன் 5 7600-உம் ஒரு பி650 போர்டும். இன்னும் இறுக்கம் என்றால் 2022-இல் வந்த ரைசன் 5 5600-உம் பி550 போர்டும். இரண்டுக்கும் ஆறு கோர்கள். 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 7600 உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். 5600 இழுப்பது 76 வாட் வரை. இந்த எண்கள் சின்னதாக இருப்பது முதல் முறை கட்டுபவருக்குப் பெரிய வரம். ஏன் என்பதை மதர்போர்டு சொல்லும்.

மதர்போர்டு வாங்கும்போது பலரும் பார்ப்பது விளக்கு எரிகிறதா, வைஃபை உண்டா என்பதை. பார்க்க வேண்டிய இடம் பிராசஸர் சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் வரிசையாக நிற்கும் கறுப்புச் சதுரங்கள். விஆர்எம் என்பார்கள். எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்குத் தேவையான 1.2 வோல்ட் அளவுக்கு இறக்குவது இவற்றின் வேலை. 90 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் 75 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. வீட்டில் ஒன்றரை டன் ஏசி முழுமூச்சில் ஓடும்போது இழுப்பதே ஏழு ஆம்பியர் அளவுதான். அதைப்போலப் பத்து மடங்கு, கட்டைவிரல் அகலத்துக்குள் பாய்கிறது. இதில் பத்து சதவீதம் வீணானாலும் ஒன்பது வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். வேலையைப் பல கட்டங்களாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் சுமை குறையும். மேலே அலுமினியக் கட்டி பொருத்தியிருந்தால் வெப்பம் வெளியேறும். விலை மலிவான போர்டுகளில் இந்தச் சதுரங்கள் வெறுமனே திறந்து கிடக்கும். அதில் 200 வாட் இழுக்கும் பிராசஸரை மாட்டினால், பிராசஸர் சூடாவதற்கு முன்பே விஆர்எம் சூடாகி, போர்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எங்கே குறைந்தது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தலையைச் சொறிவார்கள். 88 வாட் பிராசஸருக்கோ, அலுமினியக் கட்டி பொருத்திய சாதாரண பி650 போர்டே ஏராளம்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில் நான் பிடிவாதமாக இருக்க அனுமதி உண்டென்றால் இங்கேதான் இருப்பேன். சென்னை ரிச்சி தெருவில் கேபினெட்டோடு சேர்த்தே எஸ்எம்பிஎஸ் கிடைக்கும். “தம்பி, இதுலயே 500 வாட் வருது, தனியா எதுக்கு?” என்று கடைக்காரர் கேட்பார். அப்போது அதைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது 12 வோல்ட் தடம். அந்தத் தடத்துக்கு நேரே 25 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், 12 பெருக்கல் 25, கிடைப்பது 300 வாட்தான். பெரிய எழுத்தில் போட்ட 500, மற்றத் தடங்களையும் சேர்த்துப் போட்ட கூட்டல். நல்ல 550 வாட் அலகில் 12 வோல்ட் தடத்தில் மட்டுமே 45 ஆம்பியர் இருக்கும்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகளைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். அவை அளப்பது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை. பிரான்ஸ் என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதம். மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா, ஷார்ட் ஆனால் அணைந்துகொள்ளுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதன் மேல் ஏறி இறங்கும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது. நாம் பிராசஸரில் 30, 40 மில்லிவோல்ட்டைப் பிடித்து இழைக்கப்போகிறோம். அடியில் வரும் மின்சாரமே அலை அடித்தால் அந்த இழைப்புக்கு அர்த்தமில்லை. பிராசஸர் 88 வாட், கிராபிக்ஸ் கார்டு 165 வாட் என்று வைத்தாலும், மற்றவற்றையும் சேர்த்து 320 வாட்டுக்குள் முடியும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும் பழக்கமுள்ளது. 550 வாட், ஐந்து வருட வாரண்டி, நம்பகமான விமர்சனம். மொத்தச் செலவில் எஸ்எம்பிஎஸ்ஸும் கூலரும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு பிடித்தால் அதைச் செலவு என்று கணக்கெழுத வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ் அடுத்த கம்ப்யூட்டருக்கும் வரும்.

ரேமில்தான் உண்மையான இலவசம் இருக்கிறது. பலர் அதைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்துவதில்லை. 6000 என்று பெட்டியில் போட்ட டிடிஆர்5 ரேமை மாட்டி ஆன் செய்தால், அது பெரும்பாலும் 4800 வேகத்தில்தான் விழிக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால்தான் வாங்கிய வேகம் வரும். ரேமின் சுறுசுறுப்பை அளக்க ஒரு எளிய கணக்கு: பெட்டியில் உள்ள சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுங்கள். வருவது நானோநொடி. 4800 வேகம், சிஎல் 40 என்றால் 16.7. 6000 வேகம், சிஎல் 30 என்றால் 10. பிராசஸர் ஒரு தகவலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இது பெரிய வித்தியாசம். குறிப்பாகக் கேம் திடீர் திடீரென்று திக்கும் இடங்களில் தெரியும். பழைய டிடிஆர்4-இல் 3200 வேகம், சிஎல் 16 என்பதும் அதே 10 நானோநொடிதான் என்பதால் 5600 வாங்குபவர் வருந்தத் தேவையில்லை. ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதில் இரண்டு எட்டு ஜிபி வாங்கி, சாக்கெட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். இரண்டு பாதையிலும் தகவல் ஓடும்.

கூலர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். எந்தச் சாதாரணக் கூலரும் சில்லை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிறுத்துகிறது என்பதே அதன் தரம். வெளிநாட்டு விமர்சகர் 22 டிகிரி அறையில் சோதித்து 72 டிகிரி என்று எழுதினால், அந்தக் கூலர் அறையைவிட 50 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று அர்த்தம். மே மாதத்தில் ஏசி இல்லாத சென்னை வீட்டு மாடியறை 36 டிகிரியில் இருந்தால் அதே சில்லு 86-ல் நிற்கும். போதாததற்கு, கம்ப்யூட்டர் இழுக்கும் 300 வாட்டும் கடைசியில் அந்த அறைக்குள்ளேதான் வெப்பமாகக் கொட்டப்படுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் விளையாடினால் அறையே ஏறிவிடும். ஆகவே நான்கு வெப்பக் குழாய்கள் கொண்ட கோபுர வடிவக் கூலர் ஒன்று வாங்குங்கள். அந்தச் செம்புக் குழாய்களுக்குள் காற்றை உறிஞ்சிவிட்டுச் சிறிதளவு நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் சீக்கிரமே ஆவியாகி, வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு மேலே உள்ள தகடுகளுக்குப் போய், அங்கே குளிர்ந்து, குழாயின் உள்சுவர் வழியே திரும்பி வரும். பம்ப் இல்லை, கசிவு பயம் இல்லை. திரவக் கூலருக்குக் கொடுக்கும் பணத்தை இந்த பட்ஜெட்டில் வேறு எங்கு போட்டாலும் லாபம். கேபினெட்டின் முன்புறம் கண்ணாடியாக இல்லாமல் சல்லடையாக இருக்கட்டும். தூசியை மாதம் ஒருமுறை துடைத்துவிடலாம், காற்று வராமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாம் மாட்டி, விண்டோஸ் போட்டு, ஒரு வாரம் சாதாரணமாக ஓட்டிய பிறகுதான் ஓவர்கிளாக்கைத் தொட வேண்டும். முதலில் ரேமுக்கு எக்ஸ்போ. பிறகு ரைசனின் மின்னழுத்தத்தைக் குறைக்க, பயாஸில் பிபிஓ என்ற பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர். இதில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். ஆக, 30 முதல் 50 மில்லிவோல்ட். நிலையாக இருந்தால் மைனஸ் 15, பிறகு மைனஸ் 20. அவசரப்பட்டு ஒரேயடியாக மைனஸ் 30-க்குப் போகாதீர்கள்.

நிலையாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது பிரைம்95 என்ற மென்பொருள். அது ஓவர்கிளாக்கர்களுக்காக எழுதப்பட்டதே அல்ல. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்கான கருவி அது. மாதக்கணக்கில் ஓடும் ஒரு கணக்கில் ஒரே ஒரு பிட் பிசகினாலும் விடை குப்பை. அதனால் விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளை முதலில் கொடுத்து, கம்ப்யூட்டர் சரியாகச் சொல்கிறதா என்று பரிசோதிக்கும் வசதியை அதில் வைத்தார்கள். உங்கள் கோர்களில் ஒன்று தவறான விடை சொன்ன நொடியில் அது கண்டுபிடித்து நின்றுவிடும். கம்ப்யூட்டர் உறைந்து நின்றால்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். உறையாமலே தவறாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் அதைவிட ஆபத்து. சேமித்த கேமும் செமஸ்டர் ப்ராஜெக்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். வோல்டேஜைக் குறைத்த பிராசஸருக்கு இன்னொரு குணம் உண்டு. முழுச்சுமையில் தாக்குப்பிடித்துவிட்டு, சும்மா இருக்கும்போது, ஒரு பிரவுசர் திறக்கும்போது விழும். குறைந்த சுமையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. ஆகவே சோதனை மென்பொருளோடு நிறுத்தாமல், இரண்டு மூன்று நாள் அன்றாட வேலைகளையும் செய்து பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும். ஏஎம்டி கார்டு என்றால் அதன் டிரைவரிலேயே வசதி இருக்கிறது. கோர் வேகத்தை 25, 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒரே கேமின் ஒரே காட்சியை ஓட்டி அளந்துகொண்டே வாருங்கள். நினைவக வேகத்தை ஏற்றும்போது அளவு இன்னும் முக்கியம். சில கார்டுகளில் நினைவகம் பிழை செய்தால் தகவலை மறுபடி அனுப்பித் திருத்திக்கொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் காட்சி எண்ணிக்கை மட்டும் குறையத் தொடங்கும். எண் ஏறிக்கொண்டே போகிறது என்று மகிழ்ந்து நிற்பவர் உண்மையில் பின்னால் போய்க்கொண்டிருப்பார்.

வோல்டேஜை ஏற்றுவதில் ஏன் இத்தனை எச்சரிக்கை என்று கேட்டால், 2024-இல் நடந்ததைப் பார்க்கலாம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் உயர்ரகச் சில்லுகள் பல, நாளடைவில் கேம்களில் நிலைகுலைந்தன. தேவைக்கு மீறிய மின்னழுத்தம் சில்லுக்குப் போனதே காரணம் என்று அந்த ஜூலையில் நிறுவனமே அறிவித்தது; ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. நடந்த சேதத்தைத் திருத்தம் சரிசெய்யவில்லை. இனி நடக்காமல் தடுக்க மட்டுமே முடிந்தது. சிலிக்கானுக்குள் ஏற்படும் தேய்மானம் ஒருவழிப் பாதை. வோல்டேஜைக் குறைத்துச் செய்யும் ஓவர்கிளாக்கில் தவறினால் கம்ப்யூட்டர் உறையும், அல்லது கணக்கில் பிசகும்; சில்லு தேயாது. போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதிய இரண்டு ஊசிகளைச் சில நொடி இணைத்தாலோ, மின்சாரத்தை எடுத்துவிட்டு நாணய பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஓவர்கிளாக்கிங்கால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது என்று ஏஎம்டி எழுத்திலேயே சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண் குறிப்பிட்ட ஜிஎஸ்டி பில் வாங்கி வையுங்கள். இறுதி அமைப்பைத் தீர்மானிக்கும் சோதனையை ஏசி அறையில், இரவில் செய்ய வேண்டாம். வெயில் கொளுத்தும் மதியத்தில், நீங்கள் வழக்கமாக விளையாடும் அறையிலேயே செய்யுங்கள். டிசம்பரில் கட்டினால் இன்னும் 10 டிகிரிக்கு இடம் விட்டு வையுங்கள். தேறிய எண்களை ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பயாஸ் அப்டேட் போடும்போது அத்தனை அமைப்பும் அழிந்து, ரேம் மறுபடி 4800-க்குப் போய் நிற்கும்.